பந்துக்கு முதுகு காட்டியவன்

அவன் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த நாள், தொலைக்காட்சியில் எங்கள் கழகத்தின் உதைபந்தாட்டம் போய்க்கொண்டிருந்தது. எனக்கென்று ஒரு கதிரை இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது அதில் வேறு யாரும் இருக்க முடியாது, என்னோடு யாரும் கதைக்கவும் முடியாது. மனைவி அந்த மூலையைச் சாமியறை என்று நக்கலடிப்பாள். மகன் மயூரன் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, நான் சொன்னனான் எல்லோ, ரீமிலை எனக்கு முன்னாலை நிக்கிற அண்ணா. இவர்தான்" என்றான். அந்த அண்ணா ஒஸ்லோவில் எங்கள் ஹவுகெட்டோ வீட்டு வாசலை ஒரு கணம் முழுதாக அடைத்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தான். வந்தவன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எனக்கு நேரே இருந்தான்.

"தம்பி, திரும்பி இரும். விளையாட்டு நல்லாப் போகுது," என்றேன்.

"பரவாயில்லை மாமா. உங்களைப் பாத்தாலே விளங்குது."

நக்கலடிக்கிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டு விளையாட்டுக்குத் திரும்பினேன். மனைவி புட்டும் கணவாய்க் கறியும் கொண்டுவந்து வைத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப எங்கடை ஆக்கள் பந்தை விட்டிட்டினம்" என்றான். விட்டுத்தான் இருந்தார்கள். "கோர்ணர்" என்றான். கோர்ணர்தான். கொஞ்ச நேரத்தில் நான் கதிரையை விட்டுப் பாதி எழும்பினேன். கோல் என்று சொல்ல வாயெடுத்தவன், புட்டை விழுங்கிவிட்டு, "இல்லை இல்லை, ஓஃப்சைட்" என்றான். கொடி உயர்ந்ததை நான் கண்டதும் அவன் சொன்னதும் ஒன்றாக இருந்தன.

மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. கலியாணம் கட்டி இத்தனை வருடமாகியும் என் முகத்தில் இவ்வளவு விஷயம் ஓடுவது அவளுக்குத் தெரியாதாம். எனக்கோ பத்திக்கொண்டு வந்தது. என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு, நானே ஒருவனுக்கு வானொலிப் பெட்டியாகிவிட்டேன்.

அவனுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவன் வளர்ந்த புருசெத் பகுதியில் தமிழர் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும், மற்றப் பாதி அவனுக்குச் சொந்தக்காரர். எழுதினால் அவனுடைய அம்மா அன்று பின்னேரமே எனக்குப் போன் எடுப்பார். அவனுக்கும் தன்னைப் பற்றிக் கதைத்தால் பிடிக்காது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் கதைக்கும்போது நோர்வேஜியன் சொல் இடையிடையே வந்து விழும். ஆனால் பெரியவர்களுக்கு முன்னால் பிழை வந்துவிடக் கூடாதென்று, ஐஸில் நடக்கிற ஆள் மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைப்பான். வேலை ஒரு சிறுவர் காப்பகத்தில். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் தரையில் குந்தியிருந்து, வரிசையாக நின்ற சின்னப் பிள்ளைகளுக்குப் பனிச் சப்பாத்து மாட்டிவிடுவதை நான் பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது ஒருமுறை கண்டேன். காய்ச்சல் வரப்போகிற பிள்ளையைத் தனக்கு முதல் நாளே தெரியும் என்பான். தாய்மார் நம்புவதில்லை. மறுநாள் பிள்ளை காய்ச்சலோடு வீட்டில் நிற்கும்.

ஒளிப்பானேன், எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. எல்லாம் அந்த அமெரிக்கன் புட்போலால் வந்தது. மயூரன் சின்ன வயதிலிருந்தே உதைபந்தாடிய பிள்ளை. நான் பள்ளிக்கூட அணியில் இடது பக்கம் ஓடியவன். என் கால் அப்படியே மகனுக்கு வந்திருக்கிறது என்று ஒஸ்லோ முழுக்கச் சொல்லித் திரிந்தவன். வளர்ந்து தாடி முளைத்ததும் அந்தக் கால், உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடப் போய்விட்டது. கூட்டிக்கொண்டு போனவன் இவன். கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டுக்குப் பெயர் புட்போலாம்! இதில் பெரிய வேடிக்கை, இவனே எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் வெறியன், ஒரு ஆட்டம் விடமாட்டான். அவர்களுடைய அணியில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சனிக்கிழமை தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் கழகத்தின் சால்வையைச் சுற்றிக்கொண்டு மைதானத்தில் வந்து நிற்பார்கள். எனக்கு விளங்கவேயில்லை.

"ரெண்டையும் எப்பிடியடாப்பா ஒரே நெஞ்சிலை வைச்சிருக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெஞ்சு பெருசு மாமா," என்று தட்டிக் காட்டினான். உண்மையில் பெரியதுதான்.

மனைவியின் கரைச்சல் தாங்காமல் ஒருமுறை அந்த விளையாட்டைப் பார்க்கப் போனேன். கொஞ்சம் விளையாடுகிறார்கள், பிறகு வட்டமாக நின்று கூட்டம் போடுகிறார்கள். திரும்பக் கொஞ்சம் விளையாடுகிறார்கள், திரும்பக் கூட்டம். எங்கள் சங்கங்கள்கூட இவ்வளவு கூட்டம் போடுவதில்லை. அங்கேதான் அவன் என்ன செய்கிறான் என்பதைக் கண்டேன். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் இருப்பது அவனுடைய கையில். குனிந்து நின்று, அதைக் கவட்டுக்குள்ளால் பின்னுக்குக் கொடுத்துவிட்டு, அதே கணத்தில் முன்னால் நிற்கும் இன்னொரு தடியனோடு மோதுவான். அந்தத் தடியனை உள்ளே விடாமல் பிடித்து நிற்பதுதான் வேலை. பந்து பின்னால் யார் கைக்குப் போனது, மயூரன் அதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடினான், புள்ளி கிடைத்ததா இல்லையா, ஒன்றும் அவன் காண்பதில்லை. எல்லாம் முடிந்தபிறகு எழும்பித் தூசு தட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பான்.

"அப்ப உனக்கு இதிலை என்ன சந்தோசம்?"

"எனக்குப் பின்னாலை மயூ நிக்கிறான் எண்டு தெரியும் மாமா. அவனிட்டை ஒருத்தரும் போகேல்லை எண்டால் சந்தோசம்தான்."

"பின்னாலை நடக்கிறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"முன்னாலை நிக்கிறவன்ரை கண்ணைப் பாத்தால் காணும். அவன் மயூவைத்தானே பாத்துக்கொண்டிருப்பான்."

இந்தக் கண் பார்க்கிற பழக்கத்தால் அவர்களுடைய அணி ஒருமுறை மானம் தப்பியது. பந்தை எப்போது பின்னுக்குக் கொடுப்பது என்பதற்கு ஒரு எண்ணிக்கை சொல்வார்கள். அதை எதிர் அணிக்கு விளங்காமல் தமிழில் சொல்வது என்று மயூரன் ஒரு யோசனை கண்டுபிடித்தான். பந்தை வாங்கி எறிகிறவன் அசல் நோர்வேக்காரன். அவனுக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லப் பழக்க எங்கள் வீட்டு வரவேற்பறை ஒரு கிழமை பாலர் வகுப்பாகக் கிடந்தது. முதல் ஆட்டங்களில் நல்ல வேலை செய்தது. பிறகு வெளியூர் அணி ஒன்றோடு விளையாடும்போது, மூண்டு என்று சொல்ல முதலே எதிரில் நிற்கும் ஒரு பொடியன் எழும்பிப் பாய்ந்துகொண்டிருந்தான். தங்க நிறத் தலைமயிர், நீலக் கண். யாருக்கும் அவன்மேல் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். இவன்தான் கவசக் கம்பிக்குள்ளால் அந்தப் பொடியனின் தாடையைப் பார்த்திருக்கிறான். எண்ணிக்கை சொல்லச் சொல்ல அந்தத் தாடையும் கூடவே அசைந்திருக்கிறது. அடுத்த முறை குனிந்து நிற்கும்போது மெதுவாகக் கேட்டான்.

"அம்மா எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம், இணுவில் அண்ணா," என்றானாம் நீலக்கண்ணன். தகப்பன் நோர்வேக்காரராம்.

அன்றைக்கு எண்ணிக்கையை நோர்வேஜியனுக்கு மாற்றிக்கொண்டு வென்று வந்தார்கள். நீலக்கண்ணனின் தாயார் ஆட்டம் முடிய இரண்டு அணிக்கும் வீட்டில் பொரித்த ரோல்ஸ் கொடுத்தாராம். அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது அந்த ரோல்ஸால்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கழகத்தின் மைதானத்தில் கோலுக்குப் பின்னால், எல்லோரும் நின்றுகொண்டு பாடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. அதன் அடியில் வேலியோடு ஒரு சின்ன மேடை. ஆட்டம் தொடங்கி முடியும்வரை அதில் ஒருவன் ஒலிபெருக்கியோடு, மைதானத்துக்கு முதுகும் சனத்துக்கு முகமுமாக நிற்க வேண்டும். பாட்டை எடுத்துக் கொடுப்பது, எப்போது கை தட்டுவது, எப்போது குதிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அந்த இடத்தில் நின்றவன் இவன். ஆண்டுச் சீட்டு எடுத்து, மழை பனி பாராமல் வந்து, ஒரு தரமும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற ஆளை நான் என் சீவியத்தில் கண்டதில்லை.

"நீ ஒரு கோலாவது கண்டனியோ?"

"எல்லாக் கோலும் கண்டனான் மாமா. ஆக்கள்ரை முகத்திலை."

அதற்கும் அவனிடம் நுணுக்கம் இருந்தது. சும்மா சத்தத்தை நம்பமாட்டான். மூன்றாம் வரிசையில் ஒரு தாடிக்காரர் நிற்பார். பந்து வலைக்குள் போனாலும் முதலில் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாராம். மற்றவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருக்க, இவன் தாடிக்காரரின் பற்கள் தெரியும்வரை காத்திருப்பான். தெரிந்தபிறகுதான் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோவான். அதற்குள் மேல்வரிசையிலிருந்து பறந்துவந்த பியரில் பாதி அவன் தலையில் இருக்கும்.

பாடாமல் நிற்கும் ஆட்களையும் விடமாட்டான். திட்டமாட்டான், யாரென்று மனதில் வைத்துக்கொள்வான். ஒரு வயதான நோர்வேக்காரர், தொண்டை கிழியக் கத்துகிறவர், ஒருநாள் வாயை மூடிக்கொண்டு நின்றார். இடைவேளையில் இவன் கோப்பியும் சொசேஜும் வாங்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான். அவருடைய நாய் முதல் நாள் செத்துப்போயிருந்தது. இடைவேளை முழுக்க நாயின் கதைதான். இரண்டாம் பாதியில் மனிதர் பாடினார், நாசமாய்ப் போன குரலில், ஆனால் பாடினார். இதையெல்லாம் நான் மேலே நின்று பார்த்தேன். அப்போதும், ஆட்டத்தைப் பார்க்காமல் ஊர்த் துளாவாரம் பார்க்கிறான் என்றுதான் மயூரனிடம் சொன்னேன்.

இப்போது அந்த மேடையில் வேறொருவன் நிற்கிறான். எங்கள் ஆள் கலியாணம் கட்டி வடக்கே ட்ரொம்ஸோவுக்குப் போய்விட்டான். அங்கேயும் ஒரு காப்பகம், அங்கேயும் ஒரு கழகமாம். மனைவியோடு எடுத்த படங்கள் அனுப்புவான். படத்திலும் கமராவைப் பார்க்காமல் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். புது ஆள் நன்றாகப் பாடுகிறான், குறை சொல்லக் கூடாது. நான்தான் அந்தப் பக்கம் பார்க்கும் நேரங்களில் எல்லாம் அந்த மே மாதத்துக்குப் போய்விடுகிறேன்.

அந்த மே மாதச் சனிக்கிழமை மயூரனுக்கு விளையாட்டு இருந்தது. பந்தோடு ஓடியவனை இரண்டு பக்கத்தாலும் வந்து மோதி விழுத்தியிருக்கிறார்கள். அந்த விளையாட்டில் அது ஒவ்வொரு நாளும் நடக்கிற காரியம்தான். எழும்பிச் சிரித்திருக்கிறான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை என்றிருக்கிறான். வீட்டுக்கு வந்து தலையிடி என்று ஒரு குளிசை போட்டுக்கொண்டு நேரத்தோடு படுத்தான். பிள்ளை களைத்துப்போனான் என்று மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மறுநாள் காலை எழும்பித் தோசை சாப்பிட்டான். சால்வையைத் தேடி எடுத்துக்கொண்டு, "அப்பா, வெளிக்கிடுங்கோ, கம்ப் தொடங்கப்போகுது" என்று என்னை அவசரப்படுத்தியதே அவன்தான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆட்டம் என்றால் கம்ப்.

நாங்கள் வழமையான இடத்தில் நின்றோம். எனக்கு வலப்பக்கம் மயூரன், தோளோடு தோள் முட்டிக்கொண்டு. எதிரணி பலமான அணி. ஆட்டம் சமநிலையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதி நடுவில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மேளம் தொடங்கியது. இவன் மேடையில் இரண்டு கையையும் உயர்த்தினான். முழுச் சனமும் தலைக்குமேல் கையை உயர்த்திப் பிடித்து, மேளத்துக்குத் தட்டத் தொடங்கியது. என் கண் பந்தில் இருந்தது. பந்தைப் புள்ளியில் வைத்தார்கள். அடிக்கிறவன் பின்னுக்கு நடந்தான்.

அந்த நேரம் பார்த்து இவன் கையைக் கீழே போட்டான். ஒலிபெருக்கியைப் பக்கத்தில் நின்றவளிடம் திணித்துவிட்டு மேடையால் இறங்கினான். இறங்கிய வேகத்தில் படிகளில் ஏறத் தொடங்கினான். நின்ற சனத்தைத் தோளால் இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு, நேரே எங்களை நோக்கி வந்தான்.

"இந்த நேரத்திலை உவன் எங்கை வாறான்? மறைக்கிறான், மறைக்கிறான்!" என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். வந்தவன் என்னைக் கவனிக்கவில்லை. மயூரனுக்கு முன்னால் வந்து நின்றான்.

"மயூ, வலது கையைத் தூக்கு."

"தூக்கித்தானே அண்ணா வைச்சிருக்கிறன்," என்றான் மயூரன்.

நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மயூரனின் இடது கை தலைக்குமேலே நின்றது. வலது கை தொடையோடு தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு அது தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் ஒரு பக்கம்தான் வந்தது.

இவன் மயூரனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "மாமா, இறங்குவம். கெதியா, ஆனால் ஓட வேண்டாம்" என்றான். பிறகு சனத்தைப் பார்த்து நோர்வேஜியனில் ஒரு சொல் கத்தினான். அவ்வளவு சனமும் அவன் சொன்னதைச் செய்து பழகிய சனம். படி முழுக்க விலகி வழிவிட்டது. முதலுதவிக்காரர்கள் கீழே தயாராக நின்றார்கள். நாங்கள் அவர்களிடம் போய்ச் சேரும்போது முதுகுக்குப் பின்னால் மைதானம் ஒரு பெரிய சத்தம் போட்டது. நான் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் இரத்தம் கசிந்து ஒரு பக்கமாக அழுத்துகிறது, உடனே திறந்து எடுக்க வேண்டும் என்றார்கள். முதல் நாள் அடிபட்டதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கிறது. வீட்டில் படுத்திருந்தால் நித்திரை என்று நாங்கள் கதவைச் சாத்திவிட்டு இருந்திருப்போம் என்று எனக்கு ஓடியது. அதற்குமேல் என் மூளை ஓடவில்லை. எங்கேயோ கையெழுத்துப் போட்டேன். மனைவிக்குப் போன் எடுத்தேன். என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

மனைவி வீட்டுச் சட்டையோடு, மேலே ஒரு குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். நடையில் கதிரையில் இருந்த இவனைக் கண்டதும் அப்படியே நின்றாள். அவனுடைய கழுத்தில் கழகத்தின் சால்வை இன்னும் கிடந்தது.

"நீதானே என்ரை பிள்ளையை அந்தக் கோதாரி விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனனி! நீதானே முன்னாலை நிக்கிறனி! மறைச்சு நிக்கிறதுதானே உன்ரை வேலை! எங்கை பாத்துக்கொண்டு நிண்டனி?"

நடையில் போன தாதிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளைப் பிடிக்கப் போனேன். அவன் எழும்பி, அவ்வளவு பெரிய உடம்பையும் ஒடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவளுக்கு முன்னால் நின்றான்.

"ஓம் மாமி. நேற்று நான் பாக்கேல்லை," என்றான். "அவனுக்கு அடி விழேக்கை நான் குனிஞ்சு நிண்டனான், மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு. சத்தம் மட்டும்தான் கேட்டது. அவன் ஒண்டுமில்லை எண்டு சொன்னவன், எனக்கு மனம் கேக்கேல்லை. அதுதான் இண்டைக்கு முழுக்க அவனையே பாத்துக்கொண்டு நிண்டனான்."

மனைவி கதிரையில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து பிள்ளை என் தோளோடு முட்டிக்கொண்டு நின்றான், நான் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவன் அவ்வளவு சனத்துக்குள் மயூரனுடைய கை ஒன்று கீழே வருவதைக் கண்டிருக்கிறான். எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுள்மாருக்கும் நன்றி சொல்லத் தோன்றியது. ஆனால் உள்ளே பிள்ளையின் மண்டை திறந்து கிடக்கிறது, நன்றி சொல்ல இது நேரமில்லை என்று பயமாகவும் இருந்தது. வெளியில் நல்ல வெளிச்சம், புல்லில் ஆட்கள் இருந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கக் கோபம் வந்தது.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. நடையின் மற்றத் தொங்கலில் ஒரு கதவு திறந்தது. பச்சைச் சட்டையோடு வைத்தியர் ஒரு பெண் வெளியே வந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களை நோக்கி நடந்தார். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு பஸ் நீளத்துக்கு மேல் இருந்தது. மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள். நான் வைத்தியரின் முகத்தைப் பார்த்தேன். களைத்துப்போன ஒரு பெண்ணின் முகம் என்பதைத் தவிர எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

அவன் எழும்பி நின்றான்.

"மாமி, பயப்பிடாதேங்கோ," என்றான். "தப்பிட்டான்."

"என்னடா சொல்லுறாய்? அவ இன்னும் வாயே திறக்கேல்லை!"

"தப்பிட்டான் மாமி. பாருங்கோ, எங்களை நேரே பாத்துக்கொண்டு வாறா."

வைத்தியர் வந்து சேர்ந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது, இரத்தத்தை எடுத்தாயிற்று, கையும் காலும் அசைக்கிறான், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று நிதானமாக நோர்வேஜியனில் சொன்னார். இவன் தமிழில் முதலே சொல்லி முடித்த விஷயம். மனைவி வைத்தியரிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவனுடைய சால்வையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கோவத்திலை வந்திட்டுது ராசா, கோவத்திலை வந்திட்டுது" என்று அழுதாள். அவன் அசையாமல் நின்றான். அவனையும் ஒருவர் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வைத்தியர் போனபிறகு சுவரோடு சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் இருந்துவிட்டான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானும் அவனுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் கதிரையிலும் இருந்ததில்லை.

அவன் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டான். இரவைக் காத்திருக்கும் அறையில் கழித்தோம். மறுநாள் காலை எங்களை உள்ளே விட்டார்கள். மயூரன் தலையில் வெள்ளைக் கட்டோடு படுத்திருந்தான். முகம் வீங்கி, உதடு காய்ந்து கிடந்தது. தாய் பேர் சொல்லிக் கூப்பிடக் கண்ணைத் திறந்தான். வலது கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினான். இடது கையைத் தூக்கச் சொன்னாள், அதையும் தூக்கினான். திரும்ப வலது கை. தாதி வந்து காணும் என்று சொல்லும்வரை அவள் விடவில்லை. பிறகு அவன் தாயைத் தாண்டி, கட்டில் காலடியில் நின்ற எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். வாயைத் திறக்க அவனுக்கு நேரம் எடுத்தது.

"அப்பா... ஆர் வெண்டது?"

நான் இவனுடைய முகத்தைப் பார்த்தேன். இவன் என்னுடைய முகத்தைப் பார்த்தான். பெனால்டி உள்ளே போனதா, வெளியே போனதா, ஆட்டம் எப்படி முடிந்தது, ஒன்றும் தெரியாது. எங்கள் இரண்டு பேரின் போனும் சட்டைப் பையில்தான் கிடந்தன. ஒருவருக்கும் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

"தெரியாதடா," என்றேன்.

"அண்ணா, உங்களுக்கு?"

இவன் இல்லையென்று தலையாட்டினான்.

மயூரன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையணையில் மெல்லச் சாய்ந்துகொண்டு, "ரெண்டு பேருக்குமே தெரியாதோ? அப்ப நான் சாகத்தான் கிடந்திருக்கிறன் போல" என்றான்.